குத்தூசி பாய்

என் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்றே பாய் இட்லியைக் குத்திவிட்டார்.

தட்டில் வைத்த இட்லியைப் பிய்த்து வாயில் போடுவதுதான் ஊர் வழக்கம். அவர் ஆள்காட்டி விரலை நடுவில் விட்டு, அடித்தட்டு தட்டுப்படும் வரை இறக்கி, வெளியே எடுத்து, விரல் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெந்திருக்குது மேடம்" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் சட்னியைத் தன் பக்கம் இழுத்தார். அந்த இட்லியை அவித்தவர் என் கணவர். உப்பு கம்மி என்று சொன்னாலே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர். கதவோரம் நின்று, "யாரு இவரு, ஃபுட் இன்ஸ்பெக்டரா?" என்று என்னிடம் முணுமுணுத்தார். அது பாயின் காதில் விழுந்துவிட்டது. "இல்லீங்க சார், கிரவுண்டு பாத்துக்கறேன்" என்று எழுந்து நின்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து அடுத்த இட்லியையும் குத்தினார்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் அப்போது விளையாட்டுத் துறை இயக்குநர். இயக்குநர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். விசில் ஊதுவது, பந்தைப் பூட்டி வைப்பது, கால் பிசகியவனை ஆட்டோவில் ஏற்றுவது, இவ்வளவுதான் என் இயக்கம். கல்லூரியின் கிரிக்கெட் மைதானத்தையும் அதன் புல்லையும் பார்த்துக்கொண்டவர் பாய். அவருக்கு ஒரு முழுப்பெயர் கட்டாயம் இருந்திருக்கும். சேர்மன் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் வைத்த பெயர் குத்தூசி பாய். அது அவர் காதுக்குப் போனபோது, "பரவால்ல, சரியாத்தான் வெச்சிருக்கானுங்க" என்றார்.

குத்தூசியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்பதற்கான கருவி அது. முழ நீளத்துக்கு இரும்பு, கூரான நுனி, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் அரிசியோ மக்காச்சோளமோ கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் வந்துவிடும். மூட்டை வாயில் முத்து முத்தாக அரிசியை வைத்து, அடியில் நொய்யைக் கொட்டித் தைப்பது வியாபாரத்தில் பழைய வித்தை. பாயின் அப்பா சேலம் மண்டியில் குத்தூசி பிடித்தே குடும்பம் நடத்தியவர். மகனோ கிரிக்கெட் பைத்தியம் பிடித்து, சுழற்பந்து போட்டு, எந்த அணியிலும் தேறாமல், கடைசியில் மைதானங்களுக்குப் புல் வளர்க்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது அப்பாவின் குத்தூசியையும், மேலே தெரியும் எதையும் நம்பாத புத்தியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அந்தப் புத்தி மைதானத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. தர்பூசணிக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பழத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். சூரமங்கலத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனவர், சோபாவுக்குள் இருப்பது ஃபோமா தேங்காய் நாரா என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஃபோம் என்று சத்தியம் செய்திருக்கிறார். பாய் சத்தியத்தை நம்புகிற ஆள் இல்லை. கடையிலிருந்து அவரை வெளியே தள்ளிய கதையை மறுநாள் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அவமானம் துளிக்கூட இல்லை. "நாருதான் மேடம்" என்றார், உலகக்கோப்பை வாங்கியவரைப் போல.

ஒரு தேர்தல் சமயத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட போலீஸ் அவர் பையில் குத்தூசியைப் பார்த்துவிட்டது. "யாரைய்யா குத்தப் போற?" என்றதற்கு, "கிரவுண்டைங்க சார்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். உண்மைக்கு எங்கே மதிப்பு இருக்கிறது? ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே நான் போய்ச் சேர்ந்தேன். அங்கே பாய் இன்ஸ்பெக்டர் மேசை மேலிருந்த பூந்தொட்டியைக் குத்திக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் ஊத்தறீங்க, மேல ஈரமாத் தெரியுது. கீழ பாருங்க, சாம்பலாட்டம் கெடக்குது. இது தண்ணியில்லாம செத்துக்கிட்டிருக்குதுங்க சார்." குத்தூசிப் பள்ளத்தில் முக்கால்வாசி உலர்ந்த மண். இன்ஸ்பெக்டர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இனி சேர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் மற்றொரு முனை அவர் கையில்தான் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டியில் உதவியாளாக ஏறி, பல மாநிலங்களில் பூமியைத் துளைத்து, ரிக் முதலாளியாகி, அந்த வருமானத்தில் கல்லூரி கட்டியவர். எந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு போனாலும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. இன்னும் ஆழமாக ஓட்டு. மாணவர் தேர்ச்சி குறைவா, ஓட்டு. கேண்டீன் சாம்பார் சரியில்லையா, ஓட்டு. ஒவ்வொரு கல்லூரி விழாவிலும் அவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. தண்ணீர் கிடைத்த வீட்டில் ரிக்காரன் விருந்து சாப்பிட்டுத்தான் போவான். குழியிலிருந்து வெறும் புகை கிளம்பிய வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். பேசாமல் ராடுகளை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். "அந்த ஊட்டுக்காரரு மோரு குடுத்தாலும் கையில வாங்கறதில்லீங்க. வறண்ட குழிக்கு அதுதான் மரியாதைங்க" என்று முடிப்பார். நாங்கள் கைதட்டுவோம். இந்தக் கதையை நான் எத்தனையோ விழாக்களில் கேட்டு, நாற்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தேன்.

மைதானத்துக்கு வெளிநாட்டு பெர்முடா புல் போட்டிருப்பதாகச் சேர்மன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பாய்க்குப் பொறுக்கவில்லை. "பேருதாங்க வெளிநாடு. இது நம்ம அருகம்புல்லு சாதிதான். நீங்க புள்ளையாருக்குப் போடறீங்களே, அதுக்குத் தம்பி." அடுத்த நாளிலிருந்து சேர்மன் எல்லைக்கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மைதானத்தில் இறங்கினார். அவர் இறங்கினால் கூட வருகிற கல்லூரி முதல்வரும் துறைத் தலைவர்களும் ஷூவைக் கழற்ற வேண்டும். பேராசிரியர்களின் ஓட்டைச் சாக்ஸுகளை எங்கள் மாணவர்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

சிக்கல் ஒரு கோடையில் தொடங்கியது. புல்லில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பழுப்பு. சொறி பிடித்த ஆட்டைப் போல ஆகிவிட்டது மைதானம். தண்ணீருக்குக் குறைவில்லை. தண்ணீர் கொண்டுவந்தே முதலாளியானவர் கட்டிய கல்லூரி. சேர்மன் தன் மருந்தைச் சொன்னார். "இன்னொரு போரு ஓட்டிரலாமுங் பாய். தண்ணிய நல்லா அடிச்சு உடுங்."

பாய் அவரைப் பழுப்புத் திட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு சொம்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்தார். தண்ணீர் மண்ணுக்குள் போகவில்லை. சேம்பு இலை மேல் விழுந்த மாதிரி உருண்டையாகத் திரண்டு, சரிவு பார்த்து ஓடிப் பக்கத்துப் பச்சைப் புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. குத்தூசியை இறக்கி இழுத்தார். நுனி வரை தூசி.

"தண்ணி இல்லாம இல்லீங்க. எறங்க மாட்டேங்குது. பழைய வேரும் புல்லும் மக்கி, மணலு மேல மெழுகாட்டம் படிஞ்சு போச்சு. எண்ணெய் வெச்ச தலைங்க இது. எத்தனை சொம்பு ஊத்துனாலும் வழிஞ்சுதான் ஓடும். சீயக்காய் போட்டாத்தான் உள்ள புடிக்கும்."

ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய மனிதருக்கு, நாலு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் போகவில்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் நான்தான் விசாரித்துப் பெங்களூரிலிருந்து ஒரு கேன் மருந்து வரவழைத்தேன். மண்ணை ஈரம் பிடிக்க வைக்கும் திரவம். விளையாட்டு மைதானங்களுக்கென்றே செய்கிறார்கள். பாய் அதையும் நம்பவில்லை. மைதானத்து மூலையில் ஒரு கோரைப்பாய் விரிக்கும் இடத்துக்கு மட்டும் கலந்து தெளித்து, இலையில் தங்காமல் வேருக்குப் போகட்டும் என்று உடனே தண்ணீர் பாய்ச்சி, நாள்தோறும் குத்திப் பார்த்தார். மண்ணை என் மேசைக்கே கொண்டுவந்து, வருகைப்பதிவேட்டின் மேல் வைத்து, உருட்டிக் காட்டினார். "புடிக்குது மேடம். பாருங்க, உருண்டை வருது." திட்டினேன். அடுத்த நாளும் கொண்டுவந்தார். அதற்கப்புறம்தான் மைதானம் முழுக்க அடித்தார். திட்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. எனக்கும் அந்த மண் உருண்டைகளைப் பார்க்கப் பிடித்துப்போனது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மருந்து ஒரு தடவையோடு தீர்கிற சமாச்சாரம் இல்லை. சில வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இரண்டாவது கேனுக்குச் சேர்மன் கையெழுத்துப் போட மறுத்தார். "ஒருக்கா போட்டுச் செரியாப் போச்சில்லீங். மறுக்கா எதுக்குங்?"

"ஒருக்கா தலைக்குக் குளிச்சா வருசம் பூராப் போதுங்களா?" என்றார் பாய்.

சேர்மனுக்குத் தலையில் முடி கிடையாது. அந்தக் கேன் வரவே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சேர்மனின் மருமகன் ஊரிலிருந்து வந்து இறங்கினார். அவருக்கு எல்லாமே பிளாஸ்டிக்கில் இருந்தால் பிடிக்கும். ஊர் ஊராக முளைத்துக்கொண்டிருக்கும் டர்ஃப்களைப் போல நம் மைதானத்திலும் செயற்கைப் புல்லை விரித்துவிடலாம், விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம், தண்ணீரும் வேண்டாம், பாயும் வேண்டாம் என்று மாமனார் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். சேர்மன் பாயையும் என்னையும் கூப்பிட்டார். கல்லூரிகளுக்கிடையேயான போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடக்கவிருந்தது.

"அன்னிக்கு கிரவுண்டு பச்சையா இருந்தாப் புல்லுங்க. சொறியா இருந்தா மாப்ள சொல்ற மாதிரி பிளாஸ்டிக்குங்க. அப்புறம் பாய்க்கு இங்க வேலையில்லீங்க. வருத்தப்படாதீங், அம்மிணி."

அம்மிணி என்றது என்னை. வருத்தமில்லை, கோபம்தான் வந்தது. அந்த மைதானம் முழுக்கக் குந்தியிருந்து, ஒவ்வொரு புல் முனையாக நட்டவர் பாய். அவர் மனைவி சொல்லுவார், வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றியதில்லையாம். அம்பதைத் தாண்டிய மனிதர், இதை விட்டால் வேறு தொழிலும் கிடையாது. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "திட்டு மறுபடி வருது மேடம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் எதையும் குத்தவில்லை.

மறுநாள் டிரம்மோடு வந்தார். நீல டிரம். மேலே பெயர் இல்லை, கம்பெனி இல்லை. பாயின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, நாமக்கல் பைபாஸில் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தார். "அதே மருந்துதான் மச்சான், லேபிளுக்குத்தான் அவனுக இத்தனை வாங்கறானுக" என்று சொல்லி, உரிமையோடு டிரம்மை ஏற்றிவிட்டிருக்கிறார்.

"மூலையில போட்டுப் பாத்தீங்களா பாய்?" என்றேன்.

"நேரமில்லைங்க மேடம். நாளைக்கு மேட்ச்."

"குத்தியாவது பாத்தீங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொண்டாட்டியோட தம்பிங்க. டிரம்மைத் தொறந்து மோந்து பாத்தேன்னு தெரிஞ்சாலே எனக்கு ஊட்டுல சோறு கெடைக்காது."

இன்ஸ்பெக்டரின் பூந்தொட்டியை நம்பாதவர், என் கணவரின் இட்லியை நம்பாதவர், அந்த நீல டிரம்மை நம்பினார். மாலையில் இருட்டும் வரை மைதானம் முழுக்க அடித்தோம், தண்ணீர் பாய்ச்சுவதைக் காலைக்கு விட்டோம். லேசாக நுரைத்தது. மருந்தென்றால் கொஞ்சம் நுரைக்கத்தானே செய்யும் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம்.

ஆட்டத்தன்று காலையில், மருந்தை வேருக்கு இறக்குவதற்காகப் பாய் எல்லாத் தெளிப்பான்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். சேர்மன் ஓட்டிய போர்வெல்கள் ஆயிற்றே. தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. நான் உள்ளே போய்க் கோப்பையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். மைதானத்தைக் காணோம். ஸ்டம்ப்பு முழுகும் உயரத்துக்கு நுரை. வெள்ளை வெளேரென்று, எல்லைக்கோட்டைத் தாண்டி, பார்வையாளர் நாற்காலிக் கால்களையும் மூடிக்கொண்டு மெல்ல முன்னேறிக்கொண்டிருந்தது. லாரி ஷாம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. எங்கள் மாணவர்கள் ஏற்காடு வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு உள்ளே குதித்தார்கள். எதிரணிக்காரர்களும் குதித்தார்கள். நடுவர்கள் இருவரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மருமகன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சிரித்தார். 

சேர்மன் வந்தார். பாய் அவர் முன்னால் போய் நின்றார். சட்டை முழுக்க நுரை.

"மச்சான் மேல தப்பில்லீங்க. குத்திப் பாக்காம ஊத்துனது நானு."

சேர்மன் செருப்பைக் கழற்றிவிட்டு நுரைக்குள் இறங்கினார். இந்த நேரத்திலும் செருப்பைக் கழற்றுகிறாரே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கால் வழுக்கியது. வெள்ளை வேட்டி வெள்ளை நுரைக்குள் மறைய, சேர்மனின் வழுக்கைத் தலை மட்டும் வெளியே தெரிந்தது.  கை கொடுக்க ஓடிய முதல்வரும் வழுக்கி விழுந்தார். சிரிப்பை அடக்க நான் விசிலை வாயில் கவ்விக்கொண்டேன். அது தானாக ஊதிவிட்டது.

சேர்மன் உடனே எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கையால் துழாவினார். பழுப்புத் திட்டு இருந்த இடம் அது. விரலை மண்ணுக்குள் விட்டார். விரல் போனது. ரிக் வண்டியில் ராடு பிடித்த கை, சேற்றை எடுத்துக் கசக்கிப் பார்த்தது. "எறங்கியிருக்குதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மச்சான் லாரி கழுவும் பம்புகளோடு வந்து, மத்தியானம் வரை பீய்ச்சி நுரையைக் கழுவிவிட்டார். பிற்பகலில் ஆட்டம் நடந்தது. நாங்கள் தோற்றோம். அதற்கும் டிரம்முக்கும் சம்பந்தமில்லை, எங்கள் பையன்கள் எப்போதும் தோற்பவர்கள்தான்.

ஒரு வாரத்தில் உண்மையான சேதம் தெரிந்தது. லாரியின் கிரீஸை உரிக்கும் சரக்கு புல்லை மட்டும் தடவியா கொடுக்கும்? தண்ணீர் இறங்கியது, கூடவே ஷாம்புவும் இறங்கி, அடித்த கோடெல்லாம் வரிவரியாகக் கருகிவிட்டது. பாய் விடியற்காலையிலிருந்து வெறும் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாத மைதானத்தில் விசில் ஊதுவதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மருமகன் தாமதிக்கவில்லை. செயற்கைப் புல் விற்கிறவரை வரவழைத்து, கூடைப்பந்துத் தளத்தின் சிமெண்டுத் தரையில் மாதிரிக்கு ஒரு துண்டை விரிக்கச் செய்தார். நல்ல உச்சி வெயில். கிளிப்பச்சை நிறம், கண்ணைப் பறித்தது. டீயும் பப்ஸும் வந்தன. நாங்களெல்லாம் வரிசையாக நின்றோம். பாயும் ஒரு ஓரத்தில் நின்றார், இடுப்பில் குத்தூசியோடு.

சேர்மன் வந்தார். புல் என்றாலே கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும் பழக்கம். கழற்றினார். டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் மேல் இரண்டு அடி வைத்தார்.

"அட சாமீ!"

டீ பாதி சிந்த, ஒரு காலை மாற்றி ஒரு காலில் துள்ளிக்கொண்டு சிமெண்டு விளிம்புக்கு வந்து விழாத குறையாக நின்றார். அந்த வயதில் அவ்வளவு உயரம் துள்ள முடியும் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"வெயில்ல கொஞ்சம் சூடாகுங்க ஐயா" என்றார் விற்பனையாளர் பதறிப்போய். "தண்ணி தெளிச்சா சில்லுனு ஆயிருங்க."

"இதுக்கும் தண்ணி வேணுமுங்களா?"

மருமகன் வாயைத் திறந்தார். விற்பனையாளர் முந்திக்கொண்டு, "கொஞ்சம்தாங்க ஐயா, வெளையாடறதுக்கு முன்னாடி ஒருக்கா, நடுவுல ஒருக்கா" என்றார். நேர்மையான ஆள், பாவம். சேர்மன் பாயைப் பார்த்து வெறுங்கையை நீட்டினார். பாய் இடுப்பிலிருந்த குத்தூசியை உருவி அந்தக் கையில் வைத்தார்.

சேர்மன் குனிந்து பச்சைத் துண்டின் நடுவில் ஒரு குத்து குத்தினார். விற்பனையாளர் "ஐயோ" என்றார். குத்தூசி சிமெண்டில் மோதி நின்றது. இழுத்து எடுத்துக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். பள்ளம் காலி. செயற்கைப் புல்லிலிருந்து ஒட்டியிருந்த இரண்டு ரப்பர் துணுக்குகளையும் ஊதினார், பறந்தன. முதல்வரிலிருந்து காவலாளி வரை எல்லோரும் டீ கிளாஸ் இருந்த அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பல விழாக்களில் தூங்கிக்கொண்டே கேட்ட கதை அது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சேர்மன் மீதி டீயை வாயில் வைக்காமல் மேசை மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் தன் அறையைப் பார்த்து நடந்தார்.

"மாமா, டீ..." என்று மருமகன் பின்னால் ஓடினார்.

பாய் சிமெண்டுத் தரையிலேயே குந்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் தொடாத பப்ஸில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். வழக்கப்படி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டே தின்றார்.

பெங்களூர் கேன் அந்த மாதமே வந்தது. கருகிய வரிகள் மூடப் பல மாதம் ஆனது. மூடின.

அந்த வருடம் பெருநாளுக்கு என்னையும் கணவரையும் பாய் வீட்டுக்கு அழைத்திருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தார், கையில் மூடி போட்ட பெரிய பாத்திரத்தோடு. தானே நின்று ஆக்கிய பிரியாணி என்று சொல்லி நடுவில் இறக்கி மூடியைத் திறந்தார். மேலே கறித்துண்டுகள் மலைமலையாக இருந்தன. பாயின் கை இடுப்புக்குப் போனது, பாதியில் நின்றது. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவர் கறியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"குத்துங்க" என்றார். "மொதல்ல அதைக் கழுவுங்க."